புளி போட்டுத் துலக்கிய தண்டவாளம்

சொந்த வீட்டுத் தோட்டத்தில் துணி காயப்போட மனைவிக்கு அனுமதி வளையம் கொடுத்து அனுப்பிய மனிதர் நியூசிலாந்து முழுவதிலும் ஒருவர்தான் இருப்பார். அவரை எல்லோரும் ஸ்டேஷன் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். ரயில்வேயில் அவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. ஆக்லாந்தில் விரி என்ற பகுதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நிஜ ரயிலில் ஏறினால் அவருக்குக் குமட்டும். இதை அவர் மனைவி மலர் அக்கா குரலைத் தாழ்த்தி என்னிடம் சொன்னது ஒரு செவ்வாய்க்கிழமை, என் டைரியில் இருக்கிறது.

பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் அவர்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் நான் வாடகைக்கு இருந்தது இரண்டு வருடம், நான்கு மாதம், பதினொரு நாள். குடிபோன முதல் சனிக்கிழமை, துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு பின்தோட்டத்துக்குப் போனேன். புல்லுக்கு நடுவே பொம்மை ரயிலுக்கான பித்தளைத் தண்டவாளம் ஒன்று வளைந்து சென்றது. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே மூன்று விரல் நுழையும். தாண்டுவதற்குக் காலைத் தூக்கினேன்.

“நில்லும்” என்றது ஒரு குரல்.

காக்கி அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில், கையில் பச்சைக் கொடி. துணி காயப்போடும் கொடி தண்டவாளச் சுற்றுக்கு உள்ளே இருக்கிறது என்று அவர் விளக்கினார். உள்ளே போக லைனைக் கடக்க வேண்டும். ஒற்றை லைனில் ஒரு நேரத்தில் ஒரு ரயில், அல்லது ஒரு ஆள். வளையம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே லைன். வளையம் என்பது நரம்பறுந்த பழைய பட்மின்டன் மட்டை. கைப்பிடியை வெட்டியெறிந்து, அடியில் ஒரு பித்தளை வில்லையைத் தொங்கவிட்டிருந்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கும்.

“ரயிலே ஓடலையேண்ணே?” என்றேன்.

“ஓடேல்லை எண்டு உமக்கு ஆர் சொன்னது? அட்டவணை பாத்தனீரோ?”

அட்டவணை ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது. அன்று மாலை பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

ஒருமுறை நான் உள்ளே என் துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துவிட்டது. வளையம் என் தோளில். அக்கா லைனுக்கு அந்தப் பக்கம் நின்று தன் சேலைகள் நனைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் தம்பி வெளியே வரட்டும், பிறகு நீர் போகலாம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் ஜன்னலிலிருந்து போக்குவரத்தை ஒழுங்குபடுத்தினார். துணி எல்லாம் நனைந்தது. விபத்து எதுவும் நடக்கவில்லை.

ஆக்லாந்தில் கிறிஸ்மஸ் கோடையில் வரும்; அப்போது பராமரிப்புக்காக ரயில் பாதையை மூடிப் பதிலுக்குப் பஸ் விடுவார்கள். ஸ்டேஷன் மாஸ்டரும் மூடினார். அறிவிப்பு ஒட்டினார்: கோடைப் பராமரிப்பு முடியும்வரை ரயில் இல்லை, பதில் பஸ் உண்டு. பதில் பஸ் என்பது மண் அள்ளும் தள்ளுவண்டி. அக்காவின் துணிக்கூடையை அதில் ஏற்றி அவரே தள்ளிப்போவார். சமையலறைப் படியிலிருந்து துணிக்கொடிக்கு இருபத்திரண்டு எட்டு. அக்கா இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் அரை நிமிடம். ஆனால் பஸ் பத்து மணிக்குத்தான்.

நான் அங்கே இருந்த இரண்டாவது கோடையில் தகராறு வந்தது. லைனை எலுமிச்சை மரத்தைச் சுற்றி நீட்டப்போவதாக அவர் அறிவித்தார். தோட்டத்திலேயே நாள் முழுக்க வெயில் விழுகிற மூலை அது ஒன்றுதான்.

“மூண்டு வருசமா அதில கத்தரி வைக்கப்போறன் எண்டு சொல்லுறன்” என்றார் அக்கா. “நீங்கள் ஸ்டேசன் வைக்கிறியள்.”

“ஸ்டேசன் இல்லை. வளைவு.”

அக்கா கோபப்படவில்லை. நிபந்தனை போட்டார். தைப்பொங்கலன்று எலுமிச்சை மரத்தடியில் அடுப்பு வைத்துப் பொங்குவோம். சமையலறைப் படியிலிருந்து சர்க்கரையை ரயில் கொண்டுவர வேண்டும். வழியில் ஓர் இடத்திலும் நிற்கக் கூடாது. நின்றால் மரத்தடி கத்தரிக்கு. தண்டவாளத்தைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் யோசிக்காமல் ஓம் என்றுவிட்டு, நேரே என் அறைக்கு வந்தார். இந்த வருடம் பொங்கல் பதினாலா, பதினைந்தா? நான் இரண்டு நாட்காட்டிகளைப் பார்த்தேன். ஒன்று பதினாலு என்றது, மற்றது பதினைந்து என்றது. பதினைந்து என்று சொன்னதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போனார். அவர் பஞ்சாங்கத்தை மதித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

பிறகு வேலை. கோடையில் அந்த ஊர்க் களிமண் காய்ந்து வெடிக்கும். வெடிப்பின் மேல் கிடக்கும் தண்டவாளம் அப்பளம்போல நெளியும். புல்லோ, கம்பிகளுக்கு அடியில் வேர்விட்டு அந்தப் பக்கம் போய்த் தலைகாட்டும். லைனைத் துண்டு துண்டாகக் கழற்றினோம். ஒவ்வொரு துண்டுக்கும் நான் எண் ஒட்டினேன். புல்லைப் பிடுங்கி, மட்டம் பார்த்து, பொடி ஜல்லியில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து பரப்பினோம். அதன்மேல் தண்ணீர் தெளிக்கும் பூவாளியை அவர் என்னிடம் தரவில்லை. எனக்குக் கை முரடாம். மட்டம் பார்க்கக் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அரை மணி நேரம் அசையமாட்டார். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேல் எட்டிப்பார்த்து, ஆம்புலன்ஸுக்குச் சொல்லவா என்று என்னிடம் கேட்டார்.

புது லைனோடு சேர்த்து மொத்தம் நாற்பத்தொரு மீட்டர். அவர் நாற்பத்திரண்டு என்பார். நான் இரண்டு முறை நாடா பிடித்தேன்.

ஒருநாள் ஜல்லி வாளியோடு நிற்கையில், இத்தனை பாடு எதற்கு என்று கேட்டேன். கிடங்கில் எந்தப் பெட்டியை எங்கே வைப்பதென்று ஃபோர்க்லிஃப்டில் இருக்கும் திரை சொல்லுமாம், இவர் வைப்பாராம். பதினாறு வருடமாக அப்படித்தான்.

“இஞ்ச நான் கொடி காட்டினாத்தான் தம்பி வண்டி வெளிக்கிடும்” என்றார்.

பொங்கலுக்கு முந்தின நாள் மிச்சமிருந்தது கம்பிகளைத் துலக்குகிற வேலை. எஞ்சினுக்கு மின்சாரம் கம்பி வழியாகத்தான் வருகிறது. கம்பி கறுத்திருந்தால் வண்டி நின்றுவிடும். தேய்க்கும் கட்டையால் ஒரு மீட்டர் தேய்ப்பதற்குள் எங்களுக்குத் தோள் கழன்றது. தண்ணீர் குடிக்க என்னோடு உள்ளே போனவர் சமையலறையில் அப்படியே நின்றார். அக்கா குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தார். விளக்கு தங்கம்போல மின்னியது.

“விளக்கும் பித்தளை” என்றார் ஸ்டேஷன் மாஸ்டர் என்னிடம், உலகத்தில் யாருக்கும் தெரியாத விஷயத்தைச் சொல்வதுபோல. “தண்டவாளமும் பித்தளை.”

அக்கா ஒரு பெரிய உருண்டை புளியைக் கொடுத்தார். “வடிவாக் கழுவிவிடுவியள்தானே?” என்றும் கேட்டார். ஓம் என்றார் இவர். ஆனால் கழுவவில்லை. தண்ணீர் ஊற்றினால் புது ஜல்லி கரைந்துவிடுமாம். பொழுது சாய்கையில் நாற்பத்தொரு மீட்டரும் கல்யாண வீட்டு நகைபோலப் பளபளத்தது. தொட்டுப் பார்த்தேன், விரல் லேசாக ஒட்டியது. சொல்லியிருக்கலாம். அன்று டைரியில் ‘அழகாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

பொங்கல் காலை. ஸ்டேஷன் மாஸ்டர் பட்டு வேட்டியும் அதன்மேல் காக்கிச் சட்டையுமாக வந்தார். வளையம் தோளில் இருந்தது. ஒரு கிண்ணம் சர்க்கரை சரக்குப் பெட்டியில் ஏறியது. சரியாக ஒன்பது மணிக்கு விசில். வண்டி கிளம்பியது, வடிகாலின் மேல் கட்டிய புதுப் பாலத்தைக் கடந்தது, துணிக்கொடியைக் கடந்தது, எலுமிச்சை வளைவில் திரும்பியது. அங்கே ஒருமுறை விக்கியது. பிறகு நின்றது. பானைக்கு இன்னும் நாலு எட்டு இருந்தது.

குனிந்து பார்த்தேன். மரத்தடிப் புற்றிலிருந்து புறப்பட்ட எறும்புகள், உலர்ந்த புளிப்பசை மேல், கம்பிக்கு ஒரு வரிசையாக அட்டவணை பிசகாமல் போய்க்கொண்டிருந்தன. எஞ்சின் சக்கரத்தில் புளியும் எறும்பும் அரைபட்டு அப்பியிருந்தது.

அக்கா பொங்கும் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார்; எங்களுக்கு முதுகு. ஸ்டேஷன் மாஸ்டரின் கால் பெருவிரல் வண்டிக்கு அரை அடி தள்ளி இருந்தது. ஒரு தள்ளு தள்ளினால் போதும். நான் வானத்தைப் பார்த்தேன், அவருக்கு வசதியாக இருக்கட்டும் என்று.

“தம்பி, எழுதும்” என்றார். “ஒம்பது மணி நாலு நிமிசம். வண்டி நிண்டிட்டுது.”

தோளிலிருந்து வளையத்தைக் கழற்றிக்கொண்டு போய் அக்காவிடம் நீட்டினார்.

“இந்தாரும். லைன் உம்மட.”

அக்கா அவரைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். வளையத்தை வாங்கிப் பட்டுச் சேலைக்கு மேல் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இப்ப லைனுக்கை வேற ஆரும் வரேலாது, என்ன?”

“ஏலாது.”

“அப்ப தள்ளி நில்லுங்கோ.”

ஒரு துணியை வாளித் தண்ணீரில் நனைத்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டியிட்டு முதலில் சக்கரங்களை, பிறகு வண்டியிலிருந்து பானைவரை இரண்டு கம்பிகளையும் துடைத்தார். துடைக்கத் துடைக்க, கழுவச் சொன்னேன், கழுவச் சொன்னேன் என்று எறும்புகளிடம் முறையிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு எழுந்து, “வண்டியை விடுங்கோ. அரிசி வெந்திட்டுது, சக்கரை வரேல்லை” என்றார்.

சர்க்கரை வந்து சேர்ந்தது. கூடவே முப்பத்தேழு எறும்புகள். பொறுக்கி எடுத்தது நான்தான்.

தோல்வி தோல்விதான் என்று ஸ்டேஷன் மாஸ்டர் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தார், தண்டவாளத்தைக் கழற்ற. என்ர லைனில கை வையாதேங்கோ என்றார் அக்கா. கம்பிக்கு இரண்டு பக்கமும் கத்தரி வந்தது. எரு உள்ளே போவதும் ரயிலில், சனிக்கிழமை காய் வெளியே வருவதும் ரயிலில். கத்தரி இலை லைனில் விழுகிறது என்று அவர் எழுத்துமூலம் இரண்டு புகார்கள் கொடுத்தார். வளையம் இப்போது அக்காவின் அறையில் தொங்கியது. வண்டி விட வேண்டுமென்றால் அவர் கதவைத் தட்டிக் கேட்டு வாங்க வேண்டும். அக்கா அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

அடுத்த செப்டம்பரில் நான் பிளாட் புஷ் என்ற பகுதியில் வீடு வாங்கிப் போனேன். பால் காய்ச்சிய அன்று இருவரும் வந்தார்கள். அக்கா தோட்டத்தில் முளைவிட்ட கத்தரி நாற்று நாலு கொடுத்தார். ஸ்டேஷன் மாஸ்டர் செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொடுத்துவிட்டு, ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிரித்தேன். இன்னொரு பட்மின்டன் மட்டை. அடியில் புது வில்லை.

என் வீட்டுப் பின்பக்கம் முழுக்கக் கான்கிரீட். ஒரு துணிக்கொடி உண்டு, தண்டவாளம் இல்லை. இருந்தாலும் துணி காயப்போட வளையத்தை எடுத்துக்கொண்டுதான் போகிறேன். திரும்பியதும் மறக்காமல் ஆணியில் மாட்டிவிடுகிறேன். ஏதாவது ஒரு சனிக்கிழமை அவர் வந்து நின்றால், லைன் காலியாக இருக்க வேண்டும்.