நான்கு மாவட்டங்களில் இறந்தவள்

“பிணமாகவா கிடந்தே?” என்று கேட்டார் கல்லூரி ஆலோசகர் மிஸ் பிராட்.

“ஆமா மேடம். பள்ளிக்கூடத்துல கடைசி வருஷம்,” என்றாள் கெல்சி.

பள்ளி இறுதியாண்டு மாணவர்களின் பிராம் நடன விருந்துக்கு முந்தைய வாரம், குடித்துவிட்டுக் கார் ஓட்டினால் என்ன ஆகும் என்று மாணவர்களுக்குக் காட்ட, ஆல்டர் கிரீக் ஊர்த் தீயணைப்புப் படை பள்ளி மைதானத்தில் நொறுங்கிய காரை வைத்து ஒரு போலி விபத்து நடத்தும். மாணவர்களில் ஒருவர் ஓட்டுநர், ஒருவருக்குக் கால் முறிவு, ஒருவர் பிணம். மருத்துவத்தோடு கெல்சிக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு அந்தப் பிணம்தான். மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்தில், அனுபவம் என்ற இடத்தில், அதைத்தான் முதலில் எழுதியிருந்தாள்.

“எடுத்துடு. காலேஜுக்கு முன்னாடி செஞ்சது எதுவும் செல்லாது. இப்பவும் தொடர்ந்து செய்யறதா இருந்தா மட்டும் போடலாம்.”

“அதை எடுத்துட்டா, ஆஸ்பத்திரியில தண்ணி ஜக்கு ரொப்பினது மட்டும்தான் மேடம் மிஞ்சும்.”

“அப்போ தொடர்ந்து செய்.”

கெல்சிக்கு வேறு வழியில்லை. இடம் கிடைக்காவிட்டால் மாமாவின் பன்றித் தீவனக் கடையில் கல்லாவில் உட்கார வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். அதே வீட்டில் அவள் அம்மா, ‘நான் டாக்டரின் அம்மா’ என்று அச்சடித்த காப்பிக் கோப்பை ஒன்றையும் வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தாள்.

தீயணைப்புப் படைத் தலைவர் டுவைன் கையை விரித்தார்.

“இந்த வருஷம் பிணத்தைக் குடுத்தாச்சேம்மா, மேயர் பொண்ணுக்கு. கால் முறிஞ்சது வேணா காலியா இருக்கு.”

“கால் முறிஞ்சா தொடர்ச்சி ஆகாது சார். ரெண்டு பிணமா வெச்சுக்கலாமா?”

“பிரின்சிபால் ஒத்துக்க மாட்டார். ஒரு சாவுதான் பட்ஜெட்ல இருக்கு.”

கால் முறிந்தவள் கத்தலாம், பிணம் கத்தக் கூடாது என்று தெரிந்ததும் மேயர் மகள் தானாகவே விலகிக்கொண்டாள்.

போலி விபத்தன்று எல்லாம் முறைப்படி நடந்தது. சைரன் ஊளையிட்டது. மாணவிகள் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். வெள்ளைத் துணியைக் கெல்சியின் முகத்தின் மேல் இழுக்கும் நேரத்தில் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“டேய், இவ எங்கக்கா கிளாஸ்டா! நாலு வருஷம் முன்னாடியே செத்துட்டா!”

மைதானமே சிரித்தது. அந்த ஆண்டு மாணவர்கள் என்ன பாடம் கற்றார்கள் என்று டுவைனுக்குத் தெரியவில்லை.

மிஸ் பிராடும் திருப்தி அடையவில்லை. “நாலு வருஷம் சும்மா இருந்துட்டு, இப்ப ஒரு தடவை செத்தா அது தொடர்ச்சியா? ஒட்டுப் போட்டது பளிச்சுனு தெரியுது.”

கெல்சி பக்கத்து மாவட்டங்களுக்கும் போய் இறந்தாள். ஓரிடத்தில் மழை பெய்தது. ஓரிடத்தில் மூக்கின் மேல் குளவி உட்கார்ந்தது. அவள் அசையவில்லை. நல்ல பிணம் கிடைப்பது அரிது என்பதால் பெயர் பரவியது. இரண்டு பள்ளிகள் தேதிக்காகச் சண்டையிட்டன. இறக்கும் வேலை அதிகமானதால், உயிரோடிருக்கும் நோயாளிகளுக்குத் தண்ணீர் ஜக்கு நிரப்ப அவளுக்கு நேரமில்லை. ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் அவளை நிறுத்திவிட்டார்.

“போச்சு,” என்றார் மிஸ் பிராட். “இனிமே உனக்குப் பிணம்தான் கதி. ‘என்னை மாற்றிய அனுபவம்’ங்கற இடத்துல அதையே எழுது.”

கெல்சி எழுதினாள். துணிக்கு அடியில் கிடக்கும்போது, தலைக்கு மேல் இருவர் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது எப்படிக் கேட்கும் என்று எழுதினாள். அதில் பொய் இல்லை.

மருத்துவக் கல்லூரியிலிருந்து டுவைனுக்கு விசாரிப்புப் போன் வந்தது.

“நல்லபடியாத்தான் சொல்லியிருக்கேன்,” என்றார் அவர். “அந்தப் பொண்ணு என்ன செஞ்சான்னு கேட்டாங்க. ஒண்ணுமே செய்யலைன்னேன்.”

“ஐயோ சார்!”

“இரும்மா, முழுசாக் கேளு. ஒண்ணும் செய்யாம கிடக்கறதுல அவளை அடிச்சுக்க இந்த மாநிலத்துலயே ஆள் கிடையாதுன்னேன். குளவிக் கதையையும் சொன்னேன். அந்தம்மா ரொம்பச் சந்தோஷமா கேட்டுக்கிட்டாங்க.”

கோடை போனது. பதில் இல்லை. மாமா, கெல்சி என்று பெயர் தைத்த கடை மேலங்கி ஒன்றை அனுப்பிவைத்தார். சோள அறுவடை முடியும் சமயத்தில் போன் வந்தது. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் விட்கம் அவளை நேரில் பார்க்க விரும்புகிறாராம்.

ஏன் டாக்டராக வேண்டும் என்ற கேள்விக்குக் கெல்சி மூன்று விதமான பதில்களை மனப்பாடம் செய்துகொண்டு போனாள். விட்கம் அதைக் கேட்கவே இல்லை.

“உங்களுக்கு வயித்து வலின்னு வெச்சுக்குவோம். வாயால சொல்லாம எனக்குப் புரியவைங்க பார்ப்போம்.”

நோயாளியின் வேதனை புரிகிறதா என்று சோதிக்கிறார் என நினைத்துக்கொண்டு கெல்சி நாற்காலியில் சுருண்டாள்.

“அழ வருமா?”

கெல்சி மேலங்கியை நினைத்தாள். வந்தது.

“அடேயப்பா! எங்க தொட்டா கத்தணும், தெரியுமா?”

“வலது பக்கம், அடிவயித்துல, டாக்டர்.”

விட்கம் எழுந்து நின்று கையைக் குலுக்கினார். “உங்களை மாதிரி ஒரு ஆளைத்தான் ரெண்டு வருஷமா தேடிக்கிட்டிருக்கோம். நீங்க எங்களுக்கு வேணும்.”

கெல்சி நடைவழிக்கு வந்து சுவரில் சாய்ந்தபடியே வீட்டுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, எடுத்துக்கிட்டாங்க!”

மறுமுனையில் அட்டைப்பெட்டி கிழியும் சத்தம் கேட்டது. “இரு, காப்பியை ஊத்திட்டேன். மாமாகிட்டயும் இப்பவே சொல்லிடறேன், கல்லாவுக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லி!”

கெல்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு, முன்வாசலில் இருந்த வரவேற்புப் பெண்ணிடம் வந்து பெயரைச் சொன்னாள். அந்தப் பெண் கழுத்தில் மாட்டும் அட்டையை எடுத்து நீட்டினாள்.

“நோயாளியா நடிக்க வர்றவங்களுக்குப் பின்வாசல்மா. திங்கக்கிழமை வந்துடு, முதல் வாரம் உனக்குக் குடல்வால் வீக்கம், இந்த வருஷம் டாக்டருக்குப் படிக்கச் சேர்ந்த பசங்க கண்டுபிடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது.”