எரிக்கச் சொல்லி எழுதுகிறவர்

கடிதம் எழுதுகிறவர்களில் பல வகை உண்டு. மழையில் தொடங்கி மழையில் முடிப்பவர்கள் உண்டு. பதில் தாமதமானதற்கு மூன்று பக்கம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தாள் தீர்ந்துபோனதால் சொல்ல வந்ததை அடுத்த கடிதத்தில் சொல்வதாக விடைபெறுபவர்கள் உண்டு. இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. நான் சொல்ல வந்த இனம் வேறு. யார் வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சில்லை, எந்த மாப்பிள்ளை எந்தக் குதிரையில் எங்கே விழுந்தான், எவளுடைய கூந்தல் எவ்வளவு தூரம் அவளுடையது என்று நான்கு பக்கமும் நிரப்பி, இடம் போதாமல் தாளைத் திருப்பி, ஏற்கனவே எழுதிய வரிகளின் குறுக்கேயே இன்னொரு நான்கு பக்கம் எழுதி, கையெழுத்துக்கு மேலே கடைசி வரியாக ‘இது உனக்கு மட்டும். படித்ததும் எரித்துவிடு’ என்று போடுகிற இனம்.

அமெரிக்காவின் தெற்கே, எங்கள் ராப்பஹானக் ஆற்றங்கரையில் அவர்கள் செழித்து வளர்ந்தார்கள். ஒரு புகையிலைத் தோட்டத்துக்கும் அடுத்ததற்கும் பத்து மைல். வருடத்தில் பாதி நாள் சேறு. கடிதம் வந்தால்தான் ஊர் உலகம் வீட்டுக்குள் வரும். அப்படிப்பட்ட இடத்தில், ஆயிரத்து எண்ணூற்று ஏழாம் வருடம், இந்த இனத்துக்கே அணிகலனாக இருந்தவர் உர்சுலா பென்ட்ரி. ஐம்பதை நெருங்கும் விதவை. பிள்ளைகள் இல்லை. ஒன்பது அறை வீடு, நல்ல மேசை ஒன்று, வாத்திறகுப் பேனாவைத் தன் கையாலேயே சீவிக்கொள்ளும் நேர்த்தி. வேறென்ன வேண்டும்?

காலை உணவு முடிந்ததும் அவர் எழுத உட்காருவார். முதலில் ஒரு வரைவு. அதை வீட்டில் அன்றைக்கு யார் தங்கியிருக்கிறார்களோ அவர்களுக்குப் படித்துக் காட்டுவார். அவர்கள் சிரித்த இடங்களை வைத்துக்கொண்டு, சிரிக்காத இடங்களைத் திருத்தி, நல்ல தாளில் எழுதுவார். பிறகு அதற்கு ஒரு நகல் எடுத்துத் தன் பெட்டியில் வைத்துக்கொள்வார். எரிக்க வேண்டிய கடிதத்துக்கு நகல் எதற்கு என்று கேட்கிறீர்களா? அவருடைய அண்ணன் காட்ஃப்ரியும் ஒருமுறை கேட்டார்.

“எரிஞ்சுபோயிட்டா என்ன பண்றது அண்ணா?” என்றார் உர்சுலா.

எரியாது என்பது அவருக்கே தெரியும். அண்ணி மில்ட்ரெட் அந்தக் கடிதங்களை நீல நாடாவால் கட்டி அலமாரியில் வைத்திருந்தார். சாப்பாட்டு மேசையில் எடுத்துப் படிக்கும்போது ‘உனக்கு மட்டும்’ என்ற இடத்தில் குரலைத் தாழ்த்துவார். மேசையைச் சுற்றியிருக்கும் பதினோரு பேரும் முன்னால் குனிந்து கேட்பார்கள். தங்கை ஹானா இன்னும் ஒரு படி மேல். விருந்தாளியாக எந்த வீட்டுக்குப் போனாலும் கடிதப் பெட்டியோடுதான் போவாள். உர்சுலாவும் சும்மா இல்லை. அண்ணன் வீட்டுக்கு வந்தால், “ஒரு ஊசி இருக்குமா பாக்கறேன்” என்று அலமாரியைத் திறந்து, நாடா கட்டிய கட்டைக் கையில் எடுத்து, கனம் பார்த்து, திருப்தியாக மூடுவார். ஊசி தேடியதே இல்லை.

எல்லாருக்கும் விதிகள் தெரிந்த விளையாட்டு அது. அதற்குள் யூனிஸ் வந்து சேர்ந்தாள்.

காட்ஃப்ரியின் மகன் ஏம்ப்ரோஸ் வடக்கே கனெக்டிகட் பக்கம் படிக்கப் போனான். படிப்பு வரவில்லை, ஒரு பாதிரியாரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். யூனிஸ் அமைதியான பெண். ‘எப்ப வேணும்னாலும் வாங்க’ என்று ஒரு வீட்டில் சொன்னார்கள் என்பதற்காகத் துணி துவைக்கும் திங்கட்கிழமை காலையில் அங்கே போய் நின்றவள். உர்சுலாவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. சொன்னதைக் கவனமாகக் கேட்கிற முகம். அதனால் தன் நல்ல சரக்கையெல்லாம் அவளுக்கே அனுப்பினார். இரண்டரை வருடத்தில் அறுபத்து மூன்று கடிதம்.

இந்த நிலையில் காட்ஃப்ரியின் மகள் லவீனியாவுக்கும் பக்கத்துத் தோட்டத்து ஜார்விஸ் டாரண்டுக்கும் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளையின் தாயார் டாரண்ட் அம்மாள் எல்லாரையும் விருந்துக்கு அழைத்தார். உர்சுலா போனார், சாப்பிட்டார், வீட்டுக்கு வந்தார், பேனாவைச் சீவினார். அன்று அவர் எழுதிய ஒரு வாக்கியம் இது: ‘டாரண்ட் அம்மாளின் பேச்சும் அவர் வீட்டு சூப்பும் ஒன்று, இறைச்சி ஏதோ ஒரு காலத்தில் அந்தப் பக்கமாகப் போயிருக்கிறது என்று தெரிகிறது, கரண்டிக்குத்தான் அகப்படுவதில்லை.’

நல்ல வாக்கியம்தான். மறுக்க முடியாது. அதை அண்ணிக்கு ஒன்று, ஹானாவுக்கு ஒன்று, யூனிஸுக்கு ஒன்று என மூன்று கடிதத்திலும் எழுதினார். மூன்றிலும் ‘உனக்கு மட்டும்’.

மூன்று வாரம் கழித்து டாரண்ட் அம்மாளிடமிருந்து காட்ஃப்ரிக்கு ஒரு குறிப்பு வந்தது. அந்த வாக்கியம் அதில் ஒரு சொல் பிசகாமல் இருந்தது. தம் வீட்டு சூப் காட்ஃப்ரியின் குடும்பத்துக்குப் போதாது என்பதால் தம் மகனும் போதமாட்டான் என்று நினைப்பதாக அடுத்த வரியில் எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். எரிக்கச் சொல்லவில்லை.

லவீனியா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் எதுவும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காட்ஃப்ரி எல்லாரையும் தன் வீட்டுக் கூடத்துக்கு வரவழைத்தார்.

“சொல்லுக்குச் சொல் இருக்கு. காதால கேட்டவங்களால இப்படி எழுத முடியாது. யாரோ தாளைக் காட்டியிருக்கீங்க. அவங்கவங்க கடிதத்தை எடுத்து மேசைமேல வைங்க.”

மில்ட்ரெட் நீல நாடாவை அவிழ்த்துத் தன்னுடையதை வைத்தார். “என் அலமாரியை விட்டு எங்கேயும் போகலை.” பதினோரு பேர் முன்னால் படித்தது வேறு விஷயம், அது குடும்பத்துக்குள். ஹானா தன்னுடையதை வைத்தாள். இரண்டு வீட்டில் தேநீரோடு படித்திருந்தாள். அதுவும் வேறு விஷயம்.

“யூனிஸ், உன்னோடது?” என்றார் உர்சுலா.

“எரிச்சுட்டேன், அத்தை.”

“எதை?”

“கடிதத்தை. படிச்சதும் எரிக்கச் சொல்லியிருந்தீங்க.”

உர்சுலாவுக்கு முதலில் விளங்கவில்லை. “அது சரி. இந்த ஒண்ணைத்தானே?”

“எல்லாத்தையும்தான். எல்லாத்துலயும் அப்படித்தானே எழுதியிருந்தீங்க.”

கூடத்தில் இருந்தவர்கள் கல்யாணத்தை ஒரு நிமிடம் மறந்துபோனார்கள். எங்கள் ஆற்றங்கரையில் இப்படி ஒன்றை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஏம்ப்ரோஸ் மடியிலிருந்த தன் தொப்பிக்குள் எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

உர்சுலா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். போன மார்ச் மாதம், கணவர் இறந்து ஆறு வருடம் ஆன நாளில், யூனிஸுக்கு இரண்டு தாள் எழுதியிருந்தார். அதில் வம்பு கிடையாது, வேடிக்கை கிடையாது. வரைவு எழுதவில்லை, யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அதற்கு மட்டும் நகலும் எடுக்கவில்லை. கையெழுத்துப் போடும்போது பழக்கதோஷத்தில் அந்தக் கடைசி வரியையும் போட்டிருந்தார்.

“மார்ச் மாசம் ஒண்ணு எழுதினேனே. அதையுமா?”

“அதை மட்டும் ரெண்டு தடவை படிச்சேன், அத்தை. அப்புறம்தான் அடுப்புல போட்டேன்.”

ஒன்பது அறை வீட்டில் தனியாக இருப்பவருக்கு, தான் நினைத்ததெல்லாம் வேறொரு வீட்டு அலமாரியில் நாடா கட்டிப் பத்திரமாக இருக்கிறது என்பது சின்ன விஷயமில்லை. அறுபத்து மூன்று கடிதமும் சாம்பல். அழத் தெரிந்திருந்தால் அழுதிருப்பார். அது வராததால் கோபப்பட்டார்.

“எரிச்சேன்னு நீ சொல்றே. யார் பார்த்தா?”

“யாரும் பார்க்கலை. உனக்கு மட்டும்னு போட்டிருந்தது.”

“அப்ப எரியாமலும் இருந்திருக்கலாம். டாரண்ட் அம்மா மேசையிலயும் இருந்திருக்கலாம். அண்ணா, இந்த ரெண்டு பேரோட கடிதமும் இதோ இருக்கு. இல்லாதது ஒண்ணுதான்.”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. சொன்ன பேச்சைக் கேட்காத இருவரும் நிரபராதிகள், கேட்டவள் குற்றவாளி. லவீனியா யூனிஸின் பக்கமிருந்து நாற்காலியை நகர்த்திக்கொண்டாள். “வடக்கத்திக்காரங்க எப்பவும் இப்படித்தான்” என்றாள் ஹானா, யாரிடம் என்றில்லாமல். ஏம்ப்ரோஸ் இன்னும் தொப்பிக்குள்ளேயே இருந்தான்.

யூனிஸ் கணப்பின் பக்கம் திரும்பினாள். அங்கே விறகை அடுக்கிக்கொண்டிருந்தவர் ஐஷம். உர்சுலாவோடு வந்திருந்த அவருடைய அடிமை. நாற்பது வயதுக்காரர். அந்தக் குடும்பத்தின் கடிதங்களையெல்லாம் பதினொரு வருடமாகச் சேற்றில் நடந்து சுமந்தவர். யார் யாருக்கு எழுதினார்கள், எப்போது, எத்தனை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அதனாலேயே அவரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. அவருடைய மனைவி வழியில் ஒரு தோட்டத்தில் வேறொருவரின் அடிமையாக இருந்தாள். அவளுக்கு அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. அவருக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை.

“ஐஷம், விருந்துக்கு அடுத்த வாரம் நீங்க எத்தனை கடிதம் கொண்டுபோனீங்க?”

‘நீங்க’ என்றது எல்லார் காதிலும் விழுந்தது. ஐஷம் விறகைக் கீழே வைத்தார். உர்சுலாவைப் பார்க்காமல், யூனிஸையும் பார்க்காமல், இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“திங்கக்கிழமை மூணு, சின்னம்மா. வியாழக்கிழமை ஒண்ணு.”

“வியாழக்கிழமை யாருக்கு?”

“நம்ம ஊர்ப் பாதிரியார் வீட்டம்மாவுக்கு. கடிதம்னு சொல்ல முடியாது. பெட்டியில இருந்து ஒரு தாளை அம்மா எடுத்துக் குடுத்தாங்க. முத்திரை போடலை. படிச்சதும் திருப்பி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. வாங்கிட்டு வந்தேன். ஆனா அதுக்குள்ள அந்தம்மா பேனா கேட்டு, அதுல இருந்து ஏதோ எழுதி வெச்சுக்கிட்டாங்க.”

“படிச்சப்ப என்ன சொன்னாங்க?” என்றார் காட்ஃப்ரி.

“ஒண்ணும் சொல்லலைங்க ஐயா. சிரிச்சாங்க. திருப்பியும் படிச்சு, திருப்பியும் சிரிச்சாங்க.”

“ரெண்டு தடவையா?” என்றார் உர்சுலா.

வாய் முந்திக்கொண்டு கேட்டுவிட்டது. கேட்ட பிறகுதான் கூடத்தில் எல்லாரும் தன்னையே பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அத்தோடு விசாரணை முடிந்தது.

டாரண்ட் அம்மாளிடம் மன்னிப்புக் கேட்பது என்று முடிவாயிற்று. உர்சுலா எழுத உட்கார்ந்தார். முதல் வரைவில் வருத்தம் இருந்தது. இரண்டாவதில் வருத்தமும் ஓர் உவமையும் இருந்தன. நான்காவதில் உவமைகள் மட்டும் இருந்தன. லவீனியா அதைப் படித்துவிட்டு நான்காக மடித்தாள்.

“அத்தை, நேர்ல போங்க. எழுதாதீங்க.”

போனார். டாரண்ட் அம்மாள் சாப்பாட்டு வேளைக்கு வரச் சொல்லியிருந்தார். முதலில் சூப் வந்தது. கரண்டி நட்டால் நிற்கிற அளவுக்கு அதில் இறைச்சி. டாரண்ட் அம்மாள் எதிரே உட்கார்ந்து, வானிலையைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். உர்சுலா வாய் திறக்காமல் மூன்று கிண்ணம் காலி செய்தார். சூப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஜனவரியில் கல்யாணம் நடந்தது.

ஐஷமை யாரும் தண்டிக்கவில்லை. அதில் குடும்பத்தார் எல்லாருக்கும் ஒரே கருத்து. கடிதம் சுமக்கும் வேலையை மட்டும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, அவரைப் புகையிலைக் கொட்டகைக்கு மாற்றினார்கள். மனைவி இருந்த தோட்டம் அந்தக் கடித வழியில்தான் இருந்தது. நான்கு மாதம் அவர் அந்தப் பக்கம் போகவில்லை. புதிய ஆள் இரண்டு முறை கடிதப் பையோடு ஓடையில் விழுந்த பிறகு, பழைய வேலையை அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அது தங்கள் பெருந்தன்மை என்று உர்சுலா மூன்று பேருக்கு எழுதினார்.

யூனிஸிடம் அவர் மன்னிப்புக் கேட்டாரா? நேராகக் கேட்கவில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு நீண்ட கடிதம் அனுப்பினார். முடிவில், ‘இதை எரிக்க வேண்டாம். ஆனால் யாருக்கும் காட்டாதே’ என்று எழுதியிருந்தார். யூனிஸ் யாருக்கும் காட்டவில்லை. கல்யாண வீட்டில் உர்சுலா ஹானாவைத் தனியாக ஓரம் கட்டினார்.

“யூனிஸ் என் கடிதத்தைப் பத்தி ஏதாவது சொன்னாளா?”

“எந்தக் கடிதம் அக்கா?”

“ஒரு வரிகூடப் படிச்சுக் காட்டலையா?”

“இல்லையே. என்ன எழுதியிருந்தீங்க?”

“அது அவளுக்கு மட்டும் எழுதினது” என்றார் உர்சுலா. பிறகு சுற்றும் பார்த்துவிட்டு, ஹானாவை நாற்காலியில் உட்காரவைத்து, முழுக்கடிதத்தையும் மனப்பாடமாகச் சொன்னார்.

நீங்கள் இதைப் படித்துச் சிரித்திருந்தால் எனக்கு மகிழ்ச்சி. இவ்வளவு நேரமும் உங்கள் மனதில் ஒரு முகம் வந்து போயிருக்கும். அவர் பெயரைச் சொல்ல வேண்டாம். அவரும் இதைப் படித்தால் அவர் மனதில் யார் முகம் வரும் என்று மட்டும் சற்று யோசித்துப் பாருங்கள். ‘உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன்’ என்று நீங்கள் கடைசியாக யாரிடம் சொன்னீர்கள்? அதற்கு முன்னால் யாரிடம்? அவர்கள் இரண்டு பேரும் நேற்று சந்தித்துக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டேன். இதை நான் உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.