டிராகன் குடிவந்த வீடு

கண்ணாடி அலுமாரியைக் கைப்பற்றியே தீருவதென்று ஹலீம் முடிவெடுத்தான். இத்தனை வருஷக் குடும்ப வாழ்க்கையில் மனைவியைக் கேட்காமல் அவன் எடுத்த முதல் முடிவு அது. எடுத்த கையோடு குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தான். கைறுன்னிஸா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முடிவை இன்னும் கொஞ்ச நேரம் மனதுக்குள்ளேயே வைத்திருப்பது உடம்புக்கு நல்லது என்று பட்டது.

ஹலீம் ஏறாவூரில் வீட்டுப் பிளான் கீறுகிறவன். அந்தப் பக்கத்தில் பெண் குழந்தை பிறந்தால் தகப்பன் முதலில் தேடுவது பெயரை. அடுத்ததாகத் தேடுவது ஹலீமை. மகளுக்கென்று ஒரு வீடு எழும்பினால்தான் மாப்பிள்ளை வருவான். அவன் உடுப்புப் பையோடு வந்து அந்த வீட்டில் குடியிருப்பான். அத்திவாரம் வெட்டுவதும் வெயிலில் காய்வதும் ஆண்கள். வீடு மட்டும் பெண்ணுடையது. பிளான் கீறித் தரச் சொல்லி வரும் வாப்பாமாரின் வாடிய முகத்தைப் பார்த்து ஹலீம் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வான். அவனுக்குப் பிறந்தது இரண்டும் ஆண் பிள்ளைகள். வீடு கட்டுகிற பாரம் நமக்கில்லை என்று நிம்மதியாக இருந்ததில் கொஞ்சம் தொப்பையும் போட்டிருந்தது.

அவன் குடியிருக்கும் வீட்டின் பிளானையும் அவன்தான் கீறினான். அப்போது அவன் கலியாணமாகாத பொடியன். கைறுன்னிஸாவின் வாப்பாவுக்குப் பிளானையும் பிடித்தது, கீறியவனையும் பிடித்தது. கலியாணம் முடிந்து பையோடு வாசலில் வந்து நின்றபோதுதான் ஹலீமுக்கு விஷயம் உறைத்தது. குசினிக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தான். கோழிக்கூட்டுக்கும் விட்டிருந்தான். மாப்பிள்ளைக்கென்று ஒரு மூலைகூட விட்டிருக்கவில்லை.

அதனால் அவனுடைய பிளாஸ்டிக் கற்கள் கட்டிலுக்குக் கீழே வாழ்ந்தன. ஒன்றோடொன்று பூட்டிக் கட்டுகிற விளையாட்டுக் கற்கள்தான். பிள்ளைகளுக்கென்று வாங்கியவை. பிள்ளைகள் மட்டையும் பந்துமாக எப்போதோ வெளியே ஓடிவிட்டார்கள். தகப்பன் மட்டும் இன்னும் பாயைவிட்டு எழும்பவில்லை.

அவனுக்குத் துணைக்கு உலகம் முழுக்க இதே கல் பைத்தியம் பிடித்த ஆட்கள் இருந்தார்கள். போனைத் திறந்தால் போதும், அவர்களுடைய பேச்சுத்தான். அடுத்த வருஷம் கல் செய்கிற கம்பெனி மந்திரக் கோட்டைகள் விடுமாம், கூடவே பெரிய டிராகனும் வருமாம் என்று ஒரு கதை கிளம்பியிருந்தது. கதையை யார் கிளப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருத்தன் மூன்று தலை கேட்டான். ஒருத்தன் நெருப்புக்குப் பதிலாகப் பனி ஊதும் டிராகன் கேட்டான். வந்தாறுமூலைப் பக்கத்தில் கணக்குப் படிப்பிக்கிற ரதீஸ் மாஸ்டர், ஹலீமின் கூட்டாளி, துணியில் சிறகு வேண்டும் என்றான். ஹலீமுக்குத் துணியென்றாலே ஆகாது. சிறகும் கல்லில்தான் வரவேண்டும், இல்லாவிட்டால் அது டிராகன் இல்லை, குடை என்று எழுதி மூன்று நாட்டுக்காரரோடு பகைத்துக்கொண்டான்.

கடைசியில், அவரவர் ஆசைப்படும் டிராகனைக் கட்டிப் படம் அனுப்புங்கள் என்று அந்தக் கூட்டத்தில் அறிவித்தார்கள். கம்பெனிக்காரர் பார்ப்பார்கள் என்று பேச்சு. பார்ப்பார்கள் என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை. ஆசைக்குச் சத்தியம் எதற்கு?

ஹலீமின் டிராகன் ஏற்கனவே தயார். மூஞ்சியை வாவி முதலையிடமிருந்து எடுத்திருந்தான். சிறகு, களப்பில் கம்பில் குந்தியிருந்து ஈரம் காயவிடும் நீர்க்காகத்தின் சிறகு. ஒரே ஒரு குறைதான். தனியே நிறுத்தினால் முகங்குப்புற விழும். பின்னால் ஒரு கோட்டையைக் கட்டி அதன் கோபுரத்தைக் கட்டிப்பிடிக்க வைத்தால்தான் நிற்கும். கோட்டையையும் கட்டி முடித்திருந்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ரதீஸ் நல்ல கமறாவோடு வருவதாக ஏற்பாடு. படம் எடுக்கத் தகுந்த இடம் வீட்டில் ஒன்றே ஒன்று: ஹோலில் உள்ள கண்ணாடி அலுமாரி. உள்ளே பல்ப் எரியும். ஆனால் அதற்குள் கைறுன்னிஸாவின் பீங்கான் செட் இருந்தது. கலியாணத்தன்று அதில் ஒரு தரம் ஹலீம் சாப்பிட்டிருக்கிறான். அதற்குப் பிறகு கண்ணால் பார்ப்பதோடு சரி.

மீன் கழுவும் சத்தம் கேட்டது. ஹலீம் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு போனான்.

"கைறுன், அந்த அலுமாரிய ஒருக்கா..."

"இல்ல."

"நான் இன்னும் சொல்லி முடிக்கல்லயே."

"முடிங்க. மறுகா இல்லண்டு சொல்றன்."

ஹலீம் டிராகனைப் பற்றிச் சொன்னான். அவள் சட்டியைக் கவிழ்த்து வைத்தாள்.

"வீட்டுக்குள்ள உருவம் வெச்சா மலக்குமார் வரமாட்டாங்க எண்டு தெரியாதா உங்களுக்கு?"

வானவரை இழுத்துப் பேசுவாள் என்று தெரியும்; பதில் ஆயத்தமாக இருந்தது. மோட்டார்சைக்கிளில் வரும்போதே சொல்லிப் பார்த்திருந்தான்.

"உசிருள்ளதுட உருவம்தான் கூடாது புள்ள. டிராகன் எண்டு ஒண்டு இந்த உலகத்துலயே இல்ல. இல்லாத மிருகத்துக்கு என்ன உருவம்?"

"இல்லாததுதானே?"

"இல்லவே இல்லாதது."

"அப்ப அத இல்லாத அலுமாரி ஒண்டுல வைங்க."

ஹலீம் வெளியே வந்து ரதீஸுக்குப் போன் எடுத்தான். ரதீஸ் கணக்கு வாத்தியார் அல்லவா, உடனே வழி கண்டுபிடித்தான்.

"அண்ணன், நீங்க டிராகன விடுங்க. கோட்டையப் பிடிங்க. அது வீடுதானே? வீடெண்டு சொல்லிக் கேட்டா எந்தப் பொம்புளயும் மனமிரங்கும்."

ரதீஸுக்கு இன்னும் கலியாணமாகவில்லை என்பதை அந்த நேரத்தில் ஹலீம் யோசிக்கவில்லை.

மறுநாள் பின்னேரம் நபீஸா வந்தாள். கைறுன்னிஸாவுக்குச் சாச்சி, உம்மாவின் தங்கச்சி; அடுத்த வளவுக்காரி. அந்த ஒழுங்கையில் எல்லா வீடும் கைறுன்னிஸாவின் ஆட்களுடையது; ஹலீமுக்குச் சொந்தமென்று இருப்பது மோட்டார்சைக்கிள் மட்டும். சாச்சி கறிவேப்பிலை கேட்டு வந்தால் வெற்றிலை போட்டு முடியும்வரை போகமாட்டாள். சாட்சி கிடைத்ததென்று ஹலீம் கோட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து ஹோலில் பாயின் நடுவே வைத்தான்.

"சாச்சி, இத விளையாட்டுச் சாமான் எண்டு நினைக்கிறீங்க. இது வீடு. ஊருல உள்ள எல்லாருக்கும் பிளான் கீறிக் குடுத்திட்டன். என்ட கையால கட்டின வீடு இது ஒண்டுதான்."

நடிப்பாகத்தான் தொடங்கினான். பாதியில் குரல் தானாகவே உடைந்தது. சொன்னது உண்மையென்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது; கொஞ்சம் கவலையாகக்கூட இருந்தது.

"பாவம்கா இந்த மனிசன்" என்றாள் சாச்சி.

கைறுன்னிஸா கையைத் துடைத்துக்கொண்டு வந்து கோட்டைக்கு முன்னால் இருந்தாள். அவள் பேசாமல் வந்து இருந்தாளென்றால் எழும்பி ஓடிவிட வேண்டும். ஹலீம் ஓடவில்லை.

"மெய்யாத்தான் இது வீடா?"

"சத்தியமா வீடு."

"அப்ப குசினி எங்க?"

ஹலீமுக்கு வெட்கமாகப் போய்விட்டது. தொழில்காரன், குசினி இல்லாமல் வீடு கட்டியிருக்கிறான். உடனே கோட்டையின் பாதாளச் சிறையை உடைத்து அடுப்படி ஆக்கினான்.

"கிணறு?"

மந்திரவாதி பொம்மை நிற்கிற முற்றத்தில் கிணறு கட்டினான். சாச்சி கக்கூஸைக் கேட்டாள். அதையும் மதிலோரமாகக் கட்டினான். மந்திரவாதி பாவம், நிற்க இடமில்லாமல் கோபுரத்து உச்சிக்குப் போனான்.

"இப்பதான் வீடு மாதிரி இரிக்கி" என்றாள் கைறுன்னிஸா. "இதுல ஆரு குடியிரிக்கிற?"

"டிராகன்தான்."

"அது ஆம்புளயா, பொம்புளயா?"

ஹலீம் டிராகனைத் தூக்கிக் கோபுரத்தில் பிடித்து வைத்தான். "அந்த மூஞ்சியப் பாத்தா தெரியல்லயா? ஆம்புளதான். அதுல என்ன சந்தேகம்."

கைறுன்னிஸா சாச்சியைப் பார்த்தாள். சாச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதில் மும்முரமாக இருந்தாள்.

"சரி. இப்பிடிச் சோக்கான வீட்ட நிலத்துல வெக்கக் கூடாது. அலுமாரிய எடுங்க."

ஹலீமால் நம்ப முடியவில்லை. பீங்கான்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கோட்டை ஏறியது. பல்ப் எரிந்ததும் டிராகனின் நிழல் சுவரில் விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் மூன்று கோப்பை தேத்தண்ணி குடித்தான். வந்த வீட்டில் கடைசியில் தனக்கும் ஓர் இடம் கிடைத்துவிட்டதென்று நெஞ்சு நிறைந்தது.

வெள்ளிக்கிழமை ரதீஸ் வந்தான். அலுமாரிக் கதவைத் திறந்துவைத்து, முன்னால் நின்று, பக்கத்தில் நின்று, குந்தியிருந்து, கிட்டத்தட்டப் படுத்தும் படம் எடுத்தான். துணிச் சிறகுக்காரன் என்றாலும் உண்மையை ஒத்துக்கொண்டான். "அண்ணன், இந்தச் சிறகு வேற ரகம்." ஹலீம் அன்று இறைச்சிக் கறியை ரதீஸின் தட்டில்தான் அதிகம் போட்டான்.

படமெடுப்பு முடிந்ததும் கைறுன்னிஸா வந்து அலுமாரிக் கதவைச் சாத்தினாள். பூட்டினாள். சாவியைத் தன் கோர்வையில் மாட்டினாள்.

"ஏன் பூட்டுறாய்?"

"என்ட வீடு. பூட்டித்தானே வெக்கணும்."

"உன்ட வீடா?"

"நீங்கதான் சத்தியமா வீடு எண்டீங்க. சாச்சி, நம்மட ஊருல வீடு ஆருக்கு?"

"பொம்புளைக்கு" என்றாள் சாச்சி. கறிச் சட்டி திருப்பித் தர வந்தவள்.

"கட்டின மேசன் வந்து என்ட வீடெண்டு சொல்லுவானா?"

"சொன்னா ஊரு சிரிக்குமே மகள்."

ஹலீம் ரதீஸைப் பார்த்தான். ரதீஸ் கமறாவின் மூடியைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"டிராகன் என்னோடதானே?" என்றான் ஹலீம். குரல் இறங்கியிருந்தது.

"அது ஆம்புளயெண்டு நீங்கதானே சொன்னீங்க? அப்ப அவரு மாப்புள. வந்த இடத்துல சத்தம் போடாம இரிக்கட்டும். நான் ஒண்டும் சொல்ல மாட்டன்."

அன்று பின்னேரம் ஹலீம் கட்டிலுக்குக் கீழே கையை விட்டான். வெறும் நிலம்தான் தட்டுப்பட்டது. மிச்சக் கற்கள் எல்லாம் அலுமாரியின் கீழ்த்தட்டில் வரிசையாக இருந்தன. வீட்டுச் சாமான் வீட்டோடுதான் இருக்க வேணுமாம். அவள் கூட்டித் துடைத்த அந்தக் கட்டிலடியில் பீங்கான் செட் பெட்டி கட்டி வைக்கப்பட்டிருந்தது. பல நாளாக அவள் துப்புரவாக்கக் கேட்ட இடம் அது.

படம் உலகத்தில் நன்றாகத்தான் ஓடியது. எங்கோ பனி நாட்டிலிருந்து ஒருத்தன், "சிறகு அருமை, ஆனால் வாய் திறக்குமா?" என்று கேட்டான். இனிமேல் வரப்போகிற டிராகன்களுக்கெல்லாம் வாய் திறந்து மூடுமாம் என்று அடுத்த கதை கிளம்பியது. ஹலீமுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் டிராகன் வாயை மூடிக்கொண்டு பூட்டிய கண்ணாடிக்குள் நிற்பதைப் பார்க்கப் பார்க்க, கண்ணாடியில் தன் முகமும் தெரிந்தது. இரண்டும் ஒரே மாதிரித்தான் இருந்தன.

"கைறுன், அந்தச் சாவிய ஒருக்காத் தா. வாய மட்டும் திருத்தப் போறன்."

"வீட்டுல வேல செய்யிறதெண்டா பிளான் வேணும். கீறிக் கொண்டாங்க, பாப்பம்."

ஹலீம் உண்மையாகவே கீறினான். முன்தோற்றம், பக்கத்தோற்றம், பல்லின் அளவு எல்லாம் போட்டான். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு அதிலேயே மீனைச் சுற்றி வைத்தாள்.

அப்போதுதான் ஹலீமுக்கு மூளை வேலை செய்தது. இவ்வளவு நாளும் எப்படித் தோன்றாமல் போனது என்று தொடையில் தட்டிக்கொண்டான். சாச்சி வரும்வரை காத்திருந்தான். சாட்சி முக்கியம். அவள் வந்து வெற்றிலைப் பையைத் திறந்ததும் ஹோலின் நடுவே வந்து நின்றான்.

"சாச்சி, நான் ஒரு பிழை விட்டுட்டன். டிராகன நல்லா உத்துப் பாத்தன். அது ஆம்புள இல்ல. பொம்புள."

கைறுன்னிஸா தைத்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"பொம்புளயா?"

"ஓம். பொம்புளயெண்டா வீடு அவளுக்குத்தானே? நம்மட ஊரு வழக்கம் அதுதானே? நான்தான் அவளுக்குப் பொறுப்பு. சாவிய எடு."

கைறுன்னிஸாவின் கை சாவிக் கோர்வைக்குப் போனது. ஹலீம் கையை நீட்டியபடி நின்றான். வென்றுவிட்டோம் என்பதில் அவனுக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. பிறகு அவள் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ். நமக்கு ஒரு பொம்புளப் புள்ள இல்லயே எண்டு இரிந்தன். பொறுப்பு நீங்கதானே?"

"நான்தான்."

"அப்ப நீங்க அவட வாப்பா."

"ஓம்" என்றான் ஹலீம், யோசிக்காமல்.

"நல்லது. இந்த வீடு நான் இரிக்கிற வீடு. என்ட வாப்பா எனக்குக் கட்டித் தந்த மாதிரி, நீங்க உங்கட மகளுக்கு வேற ஒண்டு கட்டுங்க."

நீட்டிய கையை எங்கே வைப்பதென்று ஹலீமுக்குத் தெரியவில்லை.

"கல்லெல்லாம் அலுமாரிக்குள்ள இரிக்கி. நான் கல்லுக்கு எங்க போற?"

"அது வாப்பாமார் பாக்குற வேல. உங்களுக்கிட்டப் பிளான் கீற வாறவங்கக்கிட்டக் கேளுங்க, சொல்லுவாங்க."

சாச்சி எழும்பிப் போய்க் கண்ணாடியில் முகத்தை வைத்து, டிராகனை வால் முதல் தலை வரை ஒரு தரம் பார்த்தாள்.

"கெதியாத் தொடங்குங்க மருமகன்" என்றாள். "புள்ள வளந்திட்டு."