பல் போனால் சொல் போகுமா?

பெரிய டாக்டரின் ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு வாய் குறைந்தது.

பல் மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அதனால் பெரிய டாக்டர். வீட்டில் அவருக்கு என்ன பதவி என்பது இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. ஞானப்பல் எடுத்த பிறகு வரும் வலிக்கு அவர் ஒரு புதுக் களிம்பைச் சோதித்துக்கொண்டிருந்தார். பாதிப் பேருக்கு மருந்துள்ள களிம்பு. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் களிம்பு. யாருக்கு எது என்று தடவிக்கொள்கிறவருக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும் என்பது ஆராய்ச்சி தர்மம்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசி நோயாளி நாற்காலியில் சாய்ந்தார், வாயைத் திறந்தார், ஊசியைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் நாற்காலி காலி. கழுத்தில் கட்டிய பச்சைத் துணி பறக்க அவர் சாலையைக் கடந்து ஓடியதை எதிர் மருந்துக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

மாநாடு நெருங்கிக்கொண்டிருந்தது. பல்லுக்குக் கம்பி கட்டும் பிரிவின் தலைவர் தன் கட்டுரையை எப்போதோ முடித்து, மேடையில் போட்டுக்கொள்ளக் கோட்டும் தைத்துவிட்டார். அவர் மேலே நின்று பேச, தான் கீழே உட்கார்ந்து கைதட்டுவதா? நினைக்கும்போதே பெரிய டாக்டருக்குப் பல் கூசியது. இன்றைக்குள் ஒரு வாயைப் பிடிக்காமல் தூங்குவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

கூடத்தில் மனைவி கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். தண்ணீர் வாரியத்தில் புகார்ப் பிரிவு அவள் கையில். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கொதித்துக்கொண்டு வருகிறவர்கள், அவளோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, தாங்கள் தண்ணீர் செலவழித்தது தப்புதான் என்று ஒப்புக்கொண்டு திரும்பிப் போவார்கள். அப்படிப்பட்ட வாய். அந்த வாய்க்குத்தான் இப்போது வலி.

"என்ன ஆச்சு?"

"கடைசிப் பல்லு. தெறிக்குது."

"எங்கே, காட்டு."

"மூணு மாசமா சொல்றேன். இன்னைக்குத்தான் உங்க காதுக்கு வந்து சேர்ந்துச்சா?"

கைப்பேசி விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். கீழ்வரிசைக் கோடியில் ஞானப்பல் ஒன்று சாய்ந்து படுத்து, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் அச்சடிக்கலாம். கல்யாணத்தன்றுகூட அவர் மனைவியை இவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை.

"ஞானப்பல். எடுத்துட வேண்டியதுதான்."

"இந்த வீட்டுல ஞானம்னு இருக்கிறதே என்கிட்ட மட்டும்தான். அதையும் பிடுங்கணுமா?"

"சும்மா எடுக்கலை. ஆராய்ச்சியில சேர்த்துக்கறேன். புதுக் களிம்பு கிடைக்கும்."

"எந்தக் களிம்புன்னு எனக்குத் தெரியாது, அதானே?"

"தெரியாது."

"உங்களுக்கு?"

"எனக்கும் தெரியாது."

"அலமாரிச் சாவி எங்கேன்னு கேட்டாலும் தெரியாதுங்கறீங்க. அதுவும் ஆராய்ச்சியா?"

பெரிய டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் தினமும் ஒரு எண் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம்.

"காரணமே சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம். அது உன் உரிமை."

"கல்யாணத்துல இந்த வசதி இருந்ததா ஞாபகம் இல்லையே," என்றாள். ஆனாலும் வலி வலிதான். சம்மதித்துவிட்டாள்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போது அவருக்கு அந்தப் பழமொழி நினைவுக்கு வந்து தொலைத்தது. பல்லு போனால் சொல்லு போச்சு. கட்டுரை எழுத வேண்டும். எழுத அமைதி வேண்டும். அமைதி இந்த வீட்டுக்கு வந்து வருஷக்கணக்காகிறது. நுரையோடு கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

"இன்னொரு விஷயம்," என்றார் துண்டால் வாயைத் துடைத்தபடி. "பல் எடுத்ததும் ஒரு வாரம் பேசக்கூடாது."

"எங்க ஆபீஸ் கணக்கருக்கு எடுத்தாங்களே. மறுநாளே என்கூடச் சண்டைக்கு வந்தாரே."

"அவருக்கு மேல் பல்லு. உனக்குக் கீழ்ப் பல்லு. தாடை அசைஞ்சா தையல் பிரிஞ்சுடும்."

"உங்ககிட்டகூடப் பேசக்கூடாதா?"

"குறிப்பா என்கிட்ட. நாம பேசினா ஒரு வார்த்தையோட நிக்குமா? வளர்ந்துக்கிட்டே போகும். தையல் தாங்காது."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "சரி," என்றாள்.

எதிர்க்கேள்வி இல்லாமல் வந்த அந்தச் சரியிலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும். வெற்றி கண்ணை மறைத்துவிட்டது.

பிரிவில் கைராசிக்காரி என்று பெயரெடுத்த இளம் டாக்டரம்மா பல்லை எடுத்தாள். பெரிய டாக்டர் வெளியே உலாத்தினார். மனைவி வீங்கிய கன்னத்தோடு வந்து காரில் ஏறினாள். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிக்னலில் அவர் தப்பான பாதையில் நின்றபோதுகூடப் பேசவில்லை. அவருக்கு உடம்பு புல்லரித்தது.

கட்டுரைக்காக ஒரு வாரம் லீவு போட்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்து தலைப்பை அடித்தார். தொலைபேசி அடித்தது. மாமியார்.

"மாப்பிள்ளை, அவகிட்ட குடுங்க."

"அவ பேசக்கூடாது அத்தை. பல்லு எடுத்திருக்கு."

"பல்லைத்தானே எடுத்தீங்க? நாக்கு இருக்கில்ல?"

"ஒரு வாரம் மௌனமா இருக்கணும்."

"யாரு சொன்னா?"

"டாக்டர்."

"எந்த டாக்டர்?"

"நான்தான்."

"வேற நல்ல டாக்டர் யாரையும் பார்க்கலையா? சரி, போகட்டும். அவகிட்ட சொல்ல வேண்டியதை உங்ககிட்டயே சொல்லிடறேன்," என்று மாமனாரின் முழங்காலில் ஆரம்பித்தார். மாமனாருக்கு இரண்டு முழங்கால்கள். இரண்டையும் தனித்தனியாகச் சொன்னார்.

வாய்க்காலை அடைத்தால் வெள்ளம் பக்கத்து வயலுக்குத்தானே பாயும். அதுவரை அந்த வீட்டுக்கு வந்த பேச்சையெல்லாம் மனைவிதான் தாங்கி நின்றிருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மாடி வீட்டுக்காரர் வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சண்டைக்கு வந்தார். குழாய் ரிப்பேர்க்காரர் நாளைக்கு வருகிறேன் என்றார். நாளைக்கும் அதையே சொன்னார். மனைவி அறைக்குள் தலையணையில் சாய்ந்தபடி கன்னத்தில் பனிக்கட்டிப் பை வைத்துக் கண்ணை மூடியிருந்தாள்.

முதல் நாள் இரவு வருமுன்பே எண்ணைக் கேட்டுவிடலாம் என்று போனார். விதிப்படி எண்ணைக் கேட்டுக் குறிப்பது ஆராய்ச்சிப் பிரிவின் வேலை, அவர் கேட்கவே கூடாது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் எண் இருக்கும்போது எந்த ஆராய்ச்சியாளனுக்கு மனசு கேட்கும்?

"வலி எவ்வளவு?"

மனைவி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். பத்து விரல்.

பெரிய டாக்டருக்குத் தலை சுற்றியது. மற்ற நோயாளிகளெல்லாம் நாலு, ஐந்து என்று சொல்லும் முதல் நாளில் இவள் பத்து சொன்னால் சராசரி என்ன ஆவது? மேடை என்ன ஆவது? "கொஞ்சம்கூடக் குறையலையா?" என்று கெஞ்சினார். அவள் ஒரு விரலால் சமையலறைப் பக்கம் காட்டினாள். தொட்டியில் பாத்திரம் குவிந்து கிடந்தது.

கழுவிவிட்டு வந்து கேட்டார். எட்டு விரல்.

அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. காரணமும் விளைவும் தெரிந்தவர். மறுநாள் துணி துவைத்துக் காயப்போட்டார். ஏழு. மடித்து வைத்தார். ஆறு. மடித்ததை அவளுடைய அடுக்கில் வைக்காமல் தன் அடுக்கில் வைத்துவிட்டார். மறுபடி எட்டு. செய்தித்தாளை விரித்து நாற்காலியில் சாய்ந்த அன்றைக்கு, கேட்காமலே அறைக்குள்ளிருந்து பத்து விரல் வெளியே நீண்டது. ஆராய்ச்சிக்காரனாக இத்தனை வருஷத்தில் இவ்வளவு துல்லியமான தொடர்பை அவர் எந்த மருந்திலும் பார்த்ததில்லை.

நோயாளியின் எண்ணில் டாக்டர் கைவைக்கலாமா என்று மனசாட்சி ஒருமுறை கேட்டது. கை வைத்தது பாத்திரத்தில்தானே, எண்ணிலா என்று அதன் வாயை அடைத்தார். அதையும் விளக்குமாற்றோடு நின்றபடிதான் அடைத்தார். வேளைக்கு வேளை ஆறின சூப் வைத்தார். பழத்தைக் குழைத்துக் கொடுத்தார். பரணைத் துடைத்தார். பரணுக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றியது. விரல்களைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. கட்டுரையில் தலைப்புக்குக் கீழே ஒரு வரி ஏறவில்லை.

வாரக் கடைசியில் எண் ஒருவழியாக மூன்றுக்கு இறங்கியது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். ஆராய்ச்சிப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் அம்மாளை மாணவர்கள் விதிமுறை என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டாக்டர் அவர் முன்னால் பவ்யமாக உட்கார்ந்தார்.

"கடைசி நோயாளிக்கு முதல்ல கொஞ்சம் வலி ஜாஸ்தியா இருந்திருக்கும். சராசரியைக் கெடுத்துடாதே?"

"இல்லையே சார். முதல் நாளே நாலுதான். நல்ல தைரியசாலி."

"நாலா? என் மனைவியா?"

விதிமுறை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வீட்டம்மாவை எப்படி சார் சேர்க்க முடியும்? ஆராய்ச்சி நடத்துறவரோட குடும்பத்தைச் சேர்க்கக் கூடாதுன்னு விதியை எழுதினதே நீங்கதான். பல்லு எடுத்த அன்னைக்கே வராந்தாவுல உங்ககிட்ட சொன்னேனே. தலையாட்டினீங்களே."

ஆட்டியிருப்பார். யார் எது சொன்னாலும் காதில் வாங்காமல் தலையாட்ட வீட்டில் பழகிய கழுத்து அது.

"அப்ப அந்த நாலு யாரு?"

"மேடம் ஆபீஸ் வாட்ச்மேன். ரொம்ப நாளா பல்லு வலியாம், பயந்துக்கிட்டு வராமலே இருந்திருக்கார். மேடம்தான் மறுநாளே அவருக்கு போன் போட்டு, பக்குவமா எடுத்துச் சொல்லி அனுப்பி வெச்சாங்க. உங்க ஆராய்ச்சி நின்னுடக் கூடாதுன்னு அவங்களுக்கு அவ்வளவு அக்கறை. நேத்துகூட என்கிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாங்க."

"பேசினாளா?"

"ஏன் சார், பேசக்கூடாதா? வாயை நல்லா அசைச்சாத்தானே தாடை இறுகாம இருக்கும்? நம்ம நோயாளிகளுக்கெல்லாம் அதைத்தானே சொல்றோம்."

பெரிய டாக்டர் எழுந்தார். ஆராய்ச்சி முடிந்துவிட்டது. மேடை உறுதி. கம்பி டாக்டர் கீழே உட்கார்ந்து கைதட்டத்தான் போகிறார். ஆனால் சந்தோஷம் மட்டும் வந்து சேரவில்லை. வாசல்படி ஏறும்போதே வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது. மாமியாரிடம் முழங்கால் விசாரித்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும், "அப்புறம் பேசறேம்மா," என்று வைத்தாள்.

"நீ ஆராய்ச்சியிலயே இல்லையாமே."

"தெரியும். அன்னைக்கே சொல்லிட்டாங்க."

"தெரிஞ்சுமா பத்து விரலைக் காட்டினே?"

"நான் யாருக்கும் காட்டலையே. நீங்கதான் வேளைக்கு ஒருதரம் வந்து கேட்டீங்க. பெரிய டாக்டர் கேக்கறாரே, பதில் சொல்லாம இருக்கலாமா?"

"சரி, ஊரோட எல்லாம் பேசியிருக்கே. என்கிட்ட மட்டும் ஏன் வாயைத் திறக்கலை?"

"குறிப்பா உங்ககிட்ட பேசக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் மத்தவங்களோட மட்டும் பேசினேன். தையல் பிரியவே இல்லை."

பெரிய டாக்டர் பழக்க தோஷத்தில் மூலையில் கிடந்த விளக்குமாற்றைக் கையில் எடுத்தார்.

மனைவி வீக்கம் வடிந்த கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள். "வீடும் சுத்தமா இருக்கு, மனசும் நிம்மதியா இருக்கு. இந்த வைத்தியத்தை இன்னும் ஒரு வாரம் நீட்டிக்கலாமா, டாக்டர்?"