நானூற்றெண்பது படமும் நாலு இலவச ஸ்கிரிப்டும்

ஏழாவது மாடிக் குளியலறையில் ஒரு சிவப்புக் கார் நின்றுகொண்டிருந்தது.

ஷார்ட்கட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். கார் போகவில்லை. வாஷ்பேசினுக்கும் ஷவருக்கும் நடுவே, முன்விளக்கு எரிய நின்றது. அடுத்த படத்தைத் திறந்தார். படுக்கையறைக் கட்டிலைப் பிளந்துகொண்டு ஒரு முழு மரம். அதற்கடுத்ததில் ஒரு பெரியவர் பால்கனிக்கு வெளியே அந்தரத்தில் உட்கார்ந்து, நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழவு இது?" என்றார் ஷார்ட்கட். பெரியவர் பதில் சொல்லவில்லை.

இன்னும் கட்டாத கட்டடங்களைக் கட்டி முடித்த மாதிரி படம் போட்டுக் கொடுக்கிற அலுவலகம் அது. அங்கே கம்ப்யூட்டர் ஒவ்வொரு காட்சியையும் நாலு அடுக்காகத் தரும். கட்டடம் தனி, நிழல் தனி, கண்ணாடிப் பளபளப்பு தனி, ஆட்களும் கார்களும் மரங்களும் தனி. நாலையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திச் சேர்த்தால்தான் வீடு வீடாகத் தெரியும். அந்தச் சேர்ப்புப் பிரிவுக்குப் பதினெட்டு வருஷமாக மேடம்தான் தலைவி. ஒவ்வொரு படத்தையும் கண்ணால் பார்த்து, கையால் சேர்ப்பார். அதே பிரிவில் அவருக்குக் கீழே இருந்த ஷார்ட்கட்டுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். காசு கொடுத்து வாங்குகிறவன் முட்டாள், கையால் செய்கிறவன் அடிமுட்டாள் என்பது அவர் கொள்கை. இணையத்தில் யார் யாரோ இலவசமாகப் போட்டுவைத்திருக்கும் ஸ்கிரிப்டுகளை, அதாவது ஒரே தட்டில் மொத்த வேலையையும் முடித்துத் தரும் குட்டி நிரல்களை, இறக்கி இறக்கிச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றில் ஒன்றையாவது முழுசாகப் படித்துப் பார்த்தவர் இல்லை. அதனால்தான் அலுவலகம் அவருக்கு அந்தப் பேரைச் சூட்டியது. அவரோ அதைப் பட்டம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

மேடத்தின் நாற்காலி மேல் அவருக்கு ஆறு வருஷமாக ஒரு கண். கைவைத்த நாற்காலி, கண்ணாடிக் கதவு போட்ட தனி அறை. இன்றைக்கு அதைப் பிடித்துவிடுவதென்று கிளம்பி வந்திருந்தார்.

காலையில் முதலாளியின் அறையில் நடந்தது இதுதான்.

"சார், நூத்தியிருபது காட்சி. மேடம் நாளைக்கு மத்தியானம்தான் முடியும்ங்கறாங்க. நான் இன்னைக்கு நாலு மணிக்குத் தர்றேன். பட்டனைத் தட்டினா ரெண்டு நிமிஷம்."

முதலாளி கறுகறுவென்று சாயம் ஏற்றிய மீசையைத் தடவிக்கொண்டார். "இன்னைக்கு நீ சும்மா இருந்தாலே போதும்ப்பா."

"கட்டடக் கம்பெனிக்காரருக்கே போன் பண்ணிட்டேன் சார். இன்னைக்கே வர்றேன்னுட்டார்."

"யாரைக் கேட்டுய்யா பண்ணினே?"

யாரையும் கேட்காமல் செய்வதுதான் தலைமைப் பண்பு என்று ஷார்ட்கட் எங்கேயோ படித்திருந்தார். சிரித்துக்கொண்டே வெளியே வந்துவிட்டார். வாசலில் மேடம் நின்றார். கையில் ஒரு தடித்த நோட்டு.

"இதை வெச்சுக்குங்க. எந்தக் காட்சியில என்ன சிக்கல் வரும்னு எல்லாம் எழுதியிருக்கேன். உங்களுக்குத் தேவைப்படும்."

பயந்துவிட்டாள் என்று நினைத்தார் ஷார்ட்கட். "பார்க்கலாம் மேடம்" என்று வாங்கி, காபிக் கோப்பைக்கு அடியில் வைத்தார். மேஜையில் கறை படியாமல் இருக்க அது நன்றாகவே உதவியது.

அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே, ஆட்கள் அடுக்கின் எண்களை நம்பாதே என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. கட்டட அடுக்குக்கு 001, 002 என்று சைபர் போட்டுப் பேர் வைத்திருந்தார்கள். ஆட்கள் அடுக்குக்கோ வெறும் 1, 2, 3. ஷார்ட்கட் தட்டிவிட்ட முதல் ஸ்கிரிப்டின் கணக்கில் 1-க்கு அடுத்தது 10, அதற்கடுத்தது 100. இரண்டு வரிசையும் ஆளுக்கொரு பக்கம் போக, வாகன நிறுத்தத்தில் நிற்கவேண்டிய கார் குளிக்கப் போய்விட்டது.

மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். கேட்டால் ஷார்ட்கட்டின் மானம் என்ன ஆவது? இன்னொரு இலவச ஸ்கிரிப்டைத் தேடி இறக்கினார். பேர்களை ஒழுங்குபடுத்தித் தருமாம். கீழே ஒருவர், அருமையான ஸ்கிரிப்ட், நன்றி என்று எழுதியிருந்தார். இதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும்? தட்டினார்.

ஸ்கிரிப்ட் சொன்னபடியே செய்தது. பேர்களில் இருந்த எழுத்துகளையெல்லாம் சுரண்டிப் போட்டுவிட்டு எண்ணை மட்டும், அதையும் மூன்று இலக்கமாக்கி வைத்தது. கட்டடம் 001, நிழல் 001, பளபளப்பு 001, ஆட்கள் 001, எல்லாம் ஒரே பேர். ஒரே பேரில் நாலு கோப்பு ஒரே இடத்தில் இருக்க முடியாதே! பின்னால் வந்தது முன்னால் இருந்ததை விழுங்கிற்று. நானூற்றெண்பது படம் நூற்றிருபதாகச் சுருங்கியது. கடைசியாக வந்தவர்கள் ஆட்கள். ஆகவே கட்டடம் போய், ஆட்கள் மட்டும் மிஞ்சினார்கள். ஒன்றுமில்லாத வெளியில் ஒருத்தி நாயோடு நடந்து போனாள்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, அண்ணன் குடும்பத்தோட ஆறு மணிக்கு வர்றாராம். பெரிய கேக்கா சொல்லிட்டேன். தலைவராயிட்டீங்களா, இன்னும் இல்லையா?"

"ஆயிட்ட மாதிரிதான்."

"அது என்ன மாதிரி? நேத்து உறுதின்னீங்களே! போன வருஷம்கூட இப்படித்தான் அண்ணன்கிட்ட என் தலையைக் குனிய வெச்சீங்க."

"உறுதிதான். வை போனை."

மச்சான் ஒரு வங்கியில் மேலாளர். அவர் எதிரே வெறும் கையோடு உட்கார்ந்து கேக் தின்பதை நினைக்கவே ஷார்ட்கட்டுக்குப் பிடிக்கவில்லை. பாவம்தான். ஆனால் பாவப்பட்டவர்கள் எல்லாரும் மூன்றாவது ஸ்கிரிப்டை இறக்குவதில்லை.

அலுவலகப் பொதுச் சேமிப்பகத்தில் எல்லாப் படங்களுக்கும் இன்னொரு பிரதி இருந்தது. அதை அப்படியே எடுத்திருக்கலாம். கோப்புகள் கனமானவை, நகர முக்கால் மணி ஆகும். முக்கால் மணி காத்திருந்தால் அவர் என்ன ஷார்ட்கட்? மொத்தத்தையும் லேசான வகைப் படங்களாக மாற்றித் தரும் ஸ்கிரிப்டை நேரே சேமிப்பகத்திலேயே ஏவினார். மூலப் படங்களை அழிக்கவா என்று கேட்டு, ஆம் என்று தானே டிக் போட்டுக்கொண்டு அது காத்திருந்தது. ஷார்ட்கட் கேள்வியைப் படிக்கவில்லை. பச்சையாக இருந்த பட்டனை அழுத்தினார்.

ஒரு ஃபோல்டருக்குள் ஏவவேண்டியதை அதற்கு ஒரு படி மேலே ஏவிவிட்டார். ஸ்கிரிப்ட் அலுவலகம் முழுவதையும் மேய்ந்தது. பழைய வேலைகள், பக்கத்துப் பிரிவின் வேலைகள், முதலாளியின் குடும்பச் சுற்றுலாப் படங்கள், ஒன்றையும் விடவில்லை.

லேசான வகைப் படத்தில் ஒரு சங்கடம் உண்டு. ஊடுருவித் தெரியவேண்டிய வெற்றிடத்தை அதனால் வெற்றிடமாக வைத்துக்கொள்ள முடியாது. அந்த ஸ்கிரிப்ட் கறுப்பை அடித்து நிரப்பியது. இப்போது ஒவ்வொரு அடுக்கும் கறுப்புத் திரை மாட்டிக்கொண்டு வந்தது. ஒன்றின்மேல் ஒன்றை வைத்தால் இருட்டு. நூற்றிருபது காட்சியும் இருட்டு.

மணி மூன்றரை.

மேடம் அந்தப் பக்கமாகப் போனவர் நின்றார். "ஏதாவது உதவி வேணுமா?"

"எதுக்கு? எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு."

"திரை கறுப்பா இருக்கே?"

"அது இருட்டு நேரக் காட்சி மேடம்."

மேடம் காபிக் கோப்பைக்கு அடியில் இருந்த தன் நோட்டைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போனார்.

கறுப்புதான் பிரச்சினை என்றால் கறுப்பை எடுத்துவிட்டால் தீர்ந்தது. இந்த மாதிரி யோசனைகள் ஷார்ட்கட்டுக்குத்தான் வரும். படத்தில் கறுப்பு எங்கே இருந்தாலும் துடைத்தெடுக்கும் நாலாவது ஸ்கிரிப்டும் இலவசமாகவே கிடைத்தது. தட்டினார். திரை பளிச்சென்று வெளுத்தது. கட்டடம் வந்துவிட்டது, ஆட்கள் வந்துவிட்டார்கள். முதல் ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டிச் சேர்த்தார். ஒரே ஒரு படத்தை மட்டும், அதுவும் கட்டைவிரல் அளவில் பார்த்துவிட்டு, "நான் சொல்லலே?" என்று காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார்.

நாலு மணிக்குக் கூட்ட அறை நிரம்பியது. கட்டடக் கம்பெனிக்காரர் நடுவில், முதலாளி பக்கத்தில், மேடம் ஓரத்தில். ஷார்ட்கட் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முதல் படத்தைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கினார்.

கட்டடக் கம்பெனிக்காரர் முன்னால் சாய்ந்தார். "இவங்க எல்லாரும் ஏன் மொட்டையா இருக்காங்க?"

தலைமுடியும் கறுப்புதான் என்பது அப்போதுதான் ஷார்ட்கட்டுக்கு உறைத்தது.

"இப்ப வர்ற பாணி சார் அது."

"பொம்பளைங்களுமா?"

"அவங்களும்தான் சார்."

"கண்ணுல கருவிழியைக் காணோமே?"

"வெயில் சார். நல்ல வெயில்."

"காருக்கு டயரு?"

இதற்கு வெயிலைச் சொல்ல முடியாது. ஷார்ட்கட் அவசரமாக அடுத்த படத்துக்குத் தாவினார். அது நீச்சல் குளம். நடுக்குளத்தில், தண்ணீர்மேல், அரைக்கால் சட்டையோடு ஒரு வழுக்கைத் தலை ஆள் இரண்டு கையையும் விரித்துச் சிரித்துக்கொண்டு நின்றார். மீசை இருக்கவேண்டிய இடம் வெளுப்பாக இருந்தது.

"இது யாரு?"

முதலாளி தொண்டையைச் செருமினார்.

"நான்தான்."

சுற்றுலாப் படங்களிலும் எண் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது; ராத்திரியில் எடுத்த படம், பின்னணிக் கறுப்பு துடைபட்டு ஆள் மட்டும் மிஞ்சியிருந்தார். கட்டடக் கம்பெனிக்காரர் திரையைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளியின் காது சிவந்தது.

"மூலப் படம் எங்கேய்யா? அதைப் போடு."

"அது... அழிஞ்சிருச்சு சார்."

"பொதுச் சேமிப்புல இருக்குமே?"

"அங்கேதான் சார் அழிஞ்சுது."

மேடம்தான் எழுந்தார். "தொண்ணூறு காட்சியைச் சேர்த்து முடிச்சு என்கிட்ட தனி டிஸ்க்ல வெச்சிருக்கேன். மீதி முப்பதோட அடுக்கும் அதுலயே இருக்கு. நாளைக்கு மத்தியானம், முதல்ல சொன்ன நேரத்துக்கே தந்துடறேன்."

"மேடம் சொன்னா சரி" என்று கட்டடக் கம்பெனிக்காரர் எழுந்துவிட்டார். போகும்போது ஒருமுறை திரும்பி நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொண்டார்.

"மேடம், என் ரூமுக்குக் கொஞ்சம் வர்றீங்களா? பேசணும்" என்றார் முதலாளி. இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் இவ்வளவு குழைந்து பேசி ஷார்ட்கட் கேட்டதில்லை. கதவு சாத்திக்கொண்டது. அரை மணி நேரம் திறக்கவே இல்லை.

ஷார்ட்கட் தன் இடத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, அவருக்கே உரிய வேகத்தில் மனசைத் தேற்றிக்கொண்டார். என்ன பெரிய நஷ்டம்? நாற்காலி நேற்றும் மேடத்துடையதுதான், இன்றும் மேடத்துடையதுதான். நம் கையில் இருந்து எதுவும் போகவில்லையே. கைப்பேசியில் மனைவி மூன்று தடவை அழைத்திருந்தாள். மச்சானிடம் கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்.

அப்போது தோளில் துளைபோடும் மெஷினும் கையில் பழுப்புக் காகிதம் சுற்றிய பலகையுமாக ஒருவர் வந்து நின்றார். கதவுகளுக்குப் பெயர்ப்பலகை செய்து மாட்டுகிறவர். காகிதத்தை ஒரு ஓரமாக விலக்கிப் படித்துப் பார்த்து, "இது சார் பேர்தானே?" என்றார்.

ஷார்ட்கட் எட்டிப் பார்த்தார். அவர் பேரேதான். அதன் கீழே, பித்தளை எழுத்தில், தலைவர், சேர்ப்புப் பிரிவு. அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூடிய அறைக்குள் முதலாளி தன்னைப் பற்றித்தான் பேசியிருக்கிறார்! திறமைக்கு எப்படியும் மதிப்பு உண்டு. நாற்காலியைத் தள்ளிவிட்டுத் துள்ளி எழுந்தார்.

"வாங்க, வாங்க, அதோ அந்தக் கண்ணாடிக் கதவுதான். உடனே மாட்டுங்க!"

பலகைக்காரர் நகரவில்லை.

"மாட்டத்தான் சார் வந்தேன், மேடம் வேலையை விட்டுப் போறாங்க, அந்த இடத்துக்கு நீங்கதான்னு திங்கக்கிழமையே முதலாளி ஆர்டர் கொடுத்துட்டார், ஆனா இப்ப படியேறும்போது போன் பண்ணி, மேடத்தைக் கெஞ்சி நிறுத்திட்டேன், பழைய பலகையே இருக்கட்டும்ங்கறார், இது உங்க பேர் போட்டதாச்சே, வேற யாருக்கும் உதவாது, நீங்களே வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."