மின்னலுக்கு வந்த மவுசு

"மாசக் கடைசிக்குள்ள பத்துப் பேராவது உன் மொழியில புரோகிராம் எழுதணும், வுகாஷின். இல்லேன்னா அதைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, நீ பழையபடி பென்ஷன் ஆபீஸ் வேலையையே பாரு" என்றாள் மேலாளர் கோர்தானா.

வுகாஷின் மூளையைக் கசக்கிப் படைத்த கணினி மொழி 'மின்னல்'. எழுதிக் கொடுத்ததைக் கண்சிமிட்டும் நேரத்தில் முடித்துவிடும். பெல்கிரேடு முழுவதும் அதைப் பயன்படுத்தியவர்கள், அவனையும் சேர்த்து, ஒருவர்.

முதலில் தடிமனாக ஒரு விளக்கப் புத்தகம் எழுதினான்.

"இவ்வளவு படிக்கிற ஆளா இருந்தா நான் டாக்டராவே ஆயிருப்பேனே!" என்றான் பக்கத்து இருக்கை நெபோய்ஷா.

சரியென்று, சின்னப் பிள்ளையும் எழுதும்படி மொழியை எளிதாக்கினான்.

"சின்னப் புள்ளையே எழுதிடுமா? அப்புறம் எங்களுக்கு எதுக்குய்யா சம்பளம்? பொழப்புல மண்ணைப் போடாதே!" என்றான் அதே நெபோய்ஷா.

கடைசியாகப் பிழை பிடிக்கும் வசதி ஒன்றைச் சேர்த்தான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஒவ்வொரு வரியையும் அது நிறுத்தி வைத்து விசாரிக்க, பொத்தானைத் தட்டினால் மின்னல் அரை மணி நேரம் முனகியது.

அந்த வாரமே அலுவலக மாடி முழுவதும் மின்னல்தான்!

"மொழின்னா இதுதான்யா! என்ன ஆழம், என்ன நிதானம்!" என்று உருகினான் நெபோய்ஷா. நோவி சாத், நிஷ் என்று ஊர் ஊராகப் பரவியது. கோர்தானாவே கை குலுக்கினாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியை விட்டு எழாமல் உழைத்த வுகாஷினுக்குத் தலைகால் புரியவில்லை. மாநாட்டு மேடையேறி, மின்னலின் இலக்கண அழகே அதன் வெற்றி என்று முழங்கினான். கூட்டம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கைதட்டியது.

இத்தனை அன்புக்குக் கைம்மாறு செய்ய வேண்டாமா? மாய்ந்து மாய்ந்து உழைத்து அந்த மந்தத்தைப் போக்கினான். மின்னல் மறுபடியும் மின்னலானது.

மறுவாரம் ஒருவனும் அதைத் தொடவில்லை.

"என்னவோ, பழைய உயிர் இல்லப்பா" என்று முகத்தைப் பார்க்காமல் நழுவினான் நெபோய்ஷா. கோர்தானா பென்ஷன் ஆபீஸ் வேலையை மறுபடியும் அவன் தலையில் கட்டினாள்.

மனம் வெறுத்துப்போய், முதன்முறையாகக் கீழே இருந்த காபிக் கடைக்குள் நுழைந்தான். கடைக்காரி ரூஷா தனியாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, கடை காத்தாடுது?"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாதே தம்பி! மாடியில மின்னலோ என்ன எழவோ, அதைத் தட்டிவிட்டுட்டு, அது முடியிற வரைக்கும் மொத்தக் கூட்டமும் இங்கதான் காபியும் சிகரெட்டுமா உட்கார்ந்திருக்கும். எந்தக் கட்டையில போறவனோ அதைச் சரி பண்ணித் தொலைச்சுட்டான்!"