குணபாலவின் புத்தருக்கு நான் செய்த அபிஷேகம்

“உயரத்தில் வைக்கவும். காலையில் பூவும் தண்ணீரும். மத்தியானத்துக்கு முன் சிறிது சோறு. அந்தியில் விளக்கு. தூசி பட்டால் இறகால் தட்டவும்.”

குணபால எழுதித் தந்த இந்தத் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நாளும் மாதமும் உண்டு, ஆண்டு இல்லை. அறுபதுகளின் நடுப்பகுதி என்பது என் கணிப்பு. (ஆண்டு போடாமல் எழுதுகிறவர்களை நான் இன்றுவரை மன்னித்ததில்லை.) அதில் முதல் நான்கையும் அப்பழுக்கில்லாமல் நிறைவேற்றினேன். கடைசியை மட்டும் கொஞ்சம் மேம்படுத்தினேன்.

குணபால துறைமுகக் களஞ்சியத்தின் பொறுப்பாளர், என் மேலதிகாரி, பக்கத்து குவாட்டர்ஸ்காரர். மாத்தறைச் சிங்களவரானாலும் எங்களோடு தமிழில்தான் கதைப்பார். என் வேலை நிரந்தரமாவதற்கு அவர் கையெழுத்து வேண்டும். அவருடைய குவாட்டர்ஸுக்கு வெள்ளையடிக்க ஆட்கள் வந்தபோது, குடும்பத்தோடு ஊருக்குப் புறப்படுமுன், ஒரு முழ உயரப் புத்தர் சிலையை என்னிடம் ஒப்படைத்தார். அது அவர் மனைவி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்தது.

அலுமாரிக்கு மேல் வைத்தேன். அப்போது நான் பௌத்தம் பற்றி மூன்று புத்தகங்கள் படித்து முடித்திருந்தேன். (ஒன்றும் படியாதவனைவிட மூன்று படித்தவன் ஆபத்தானவன்.) மடியில் கைமேல் கை வைத்திருப்பது தியானம், நீண்ட காது துறந்துவிட்ட அரச குண்டலங்களின் அடையாளம், வாடும் பூ நிலையாமை என்று மனைவி பரமேசுவரிக்குத் தினமும் வகுப்பெடுத்தேன். அவள் அரிசி புடைத்தபடி கேட்டாள்.

பக்கத்து வெள்ளையடிப்பில் பறந்த சுண்ணாம்புத்தூள் புத்தரின் தோளில் படிந்தது. இறகு போதாது என்று எனக்குப் பட்டது. கோணேசர் கோயில் மணியோசையில் வளர்ந்தவனுக்கு, வீட்டுக்கு வந்த தெய்வம் குளியாமல் இருப்பது அவமரியாதை. எங்கள் சாமிகளுக்குப் பால், இளநீர், சந்தனம் என்று மாறிமாறி ஊற்றுகிறோம்; அவர்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவர்கள் கருங்கல், இவர் வர்ணம் பூசிய வெறும் சாந்து என்பதை அந்த மூன்று புத்தகங்களில் ஒன்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை முழுகிவிட்டு, புத்தரைத் தாம்பாளத்தில் இருத்தி, முதலில் தண்ணீர் வார்த்தேன். பிறகு பால். பால் செம்மஞ்சளாக மாறியது. குங்குமப்பூ போட்டதுபோல் அழகாக இருக்கிறதே என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். பிறகுதான் அது அவருடைய அங்கி என்று விளங்கியது. அவசரமாகத் துணியால் ஒற்றினேன். துணியோடு மூக்கும் வந்துவிட்டது.

பரமேசுவரி எட்டிப் பார்த்தாள். “இஞ்சருங்கோ, நீங்கள் நெடுகச் சொல்லுற நிலையாமை இதுதானோ?”

ஞாயிறன்று குணபால திரும்புவார். கிண்ணியாவிலிருந்து வந்து வள்ளங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் காதர் நானாவிடம் ஓடினேன். முகத்தில் கைவைக்கத் தன் மார்க்கம் விடாது, அங்கியை மட்டும் பூசித் தரலாம் என்றார். அவரிடம் இருந்த ஒரே செம்மஞ்சள், துறைமுக மிதவைகளுக்குப் பூசி மிஞ்சியது. தடிப்பாகப் பூசிவிட்டு, எட்ட நின்று பார்த்தார்.

“இனிப் பால் என்ன தம்பி, கடலுக்குள்ளயே போடுங்க. ஒண்டும் ஆகாது.”

முகம் என் பங்கு. கோதுமை மாவைப் பிசைந்து மூக்கு வைத்தேன். பாலில் ஊறிக் குழிந்துபோன கன்னங்களையும் நிரப்பினேன், சற்றே தாராளமாக. வெயிலில் காயவைத்தபோது காகம் மூக்கைக் கொண்டுபோனது, இன்னொன்று செய்தேன். (பிறகு குடையும் கையுமாகப் புத்தருக்குக் காவல் நின்ற என்னைப் பார்த்து, என்ன பக்தி என்று தெருவே வியந்தது.)

குணபால வந்தார். செருப்பைக் கழற்றினார். அலுமாரிக்கு மேலே பார்த்துக் கைகூப்பினார். கூப்பிய கை நெடுநேரம் இறங்கவில்லை. அந்த மிதவை நிறத்தை வருடக்கணக்காகக் களஞ்சியத்தில் அளந்து கொடுத்தவர் அவர். என் நிரந்தர நியமனம் வாசலால் இறங்கி, துறைமுகத்தைத் தாண்டி, ஆழ்கடலுக்குப் போவதை என் கண்ணால் கண்டேன்.

“உங்கட வீட்டில நல்லாச் சாப்பிட்டிருக்கிறார்” என்றார் கடைசியில்.

“ஓம் ஐயா” என்றேன். “மத்தியானத்துக்கு முன்னமே.”

அவர் சிரிக்கவில்லை. சிலையை வெள்ளைத் துணியில் சுற்றி, குழந்தையைப்போல் தூக்கிக்கொண்டு போனார். சில வாரங்கள் கழித்து என் நியமனத்துக்குக் கையெழுத்துப் போட்டவர், பேனையை மூடிக்கொண்டே, எழுதிக் கொடுத்ததை மட்டும் செய்தால் போதும் என்றார்.

யாரும் கேளாத உதவிக்கு நான் எழும்பினால், இன்றும் குசினிக்குள் இருந்து பரமேசுவரியின் குரல் வரும்: “பால் வாங்கட்டோ?”

குணபால ஓய்வுபெற்று மாத்தறைக்குப் போன பிறகு, ஒரு பெருமழையில் அவர் வீட்டுக் கூரை ஒழுகி எல்லாம் பழுதானதாகவும், புத்தரின் அங்கி மட்டும் ஒரு பொட்டும் அழியாமல் மினுங்கியதாகவும் அங்கே போய்வந்த ஒருவர் சொன்னார். நான் நேரில் பார்க்கவில்லை. மூக்கின் நிலைமை இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.